உள்ளேயே விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள்

பள்ளிக்கூடத்தில் பெஞ்ச் என்றால் என்னவென்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். கடைசி பெஞ்ச் இன்னும் நன்றாகவே தெரியும். சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் வரிசைகட்டி நிற்கும் ஐ.டி. நிறுவனங்களிலும் ஒரு பெஞ்ச் உண்டு. அது உட்காரும் பலகை அல்ல. ஒருவர் பார்த்துவந்த புராஜெக்ட் முடிந்து, அடுத்தது ஒதுக்கப்படாமல், சம்பளப் பட்டியலில் மட்டும் பெயர் இருக்கிற நிலைக்கு அங்கே பெஞ்ச் என்று பெயர். நம் காலனிகளில் இருந்து முதல் பட்டதாரியாகப் போய்ச் சேர்ந்தவர்களில் நமக்குத் தெரிந்தே சிலர் இப்போது அந்த பெஞ்சில் இருக்கிறார்கள். வீட்டுக்குச் சொல்லவில்லை.

இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதை ஊரில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் ஒரு வங்கி தன் கணினி வேலையை இங்குள்ள நிறுவனத்திடம் ஒப்படைக்கிறது. இத்தனை பேர், இத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்த்து பில் போகிறது. அந்த பில்லில் பெயர் இருக்கும்வரை ஊழியர் வருமானம். பெயர் எடுபட்டால் அவர் செலவு. கதிர் அறுக்கும் இயந்திரம் வந்த பிறகு அறுவடைக்கு ஆள் கூப்பிடாத ஆண்டையை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே ஆண்டை யாரென்றே தெரியாது. ஒரு மின்னஞ்சல் வரும், அவ்வளவுதான்.

2025 ஜூலை கடைசியில் நாட்டின் மிகப்பெரிய ஐ.டி. நிறுவனமான டி.சி.எஸ்., தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை, அந்த நிதியாண்டுக்குள் வெளியேற்றப்போவதாக அறிவித்தது. இடைநிலை, மூத்த நிலை ஊழியர்களே பெரும்பாலும் பாதிக்கப்படுவார்கள் என்றது. அதற்கு முந்தைய மாதம்தான், ஆண்டுக்கு 225 நாட்களாவது பில் ஆகும் வேலையில் இருக்க வேண்டும், பெஞ்சில் 35 நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை அது கொண்டுவந்திருந்தது. ஆட்குறைப்புக்கு நிர்வாகம் சொன்ன காரணம், வேறு பணியில் அமர்த்த இயலாதவர்களை விடுவிக்கிறோம் என்பது.

அமர்த்த இயலாது என்று யார் முடிவு செய்கிறார்கள், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? அந்த ஒரு நிறுவனத்தைப் பார்த்து மட்டும் நாம் இதைக் கேட்கவில்லை. கீழே சொல்லப்போவதும் அந்த நிறுவனத்தின் கதை அல்ல. ஆட்குறைப்பு செய்யும் பெரிய நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் ஓர் ஆறுதல் வார்த்தை இருக்கிறது. "உள்ளேயே காலியிடங்கள் இருக்கின்றன, போர்ட்டலில் பார்த்து விண்ணப்பித்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் அது. கேட்பவர்களுக்கு நியாயமாகத்தான் படும். கதவு திறந்திருக்கிறது, திறமை இருந்தால் நுழையலாம் என்று தோன்றும். அந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதுதான் நம் கவலை.

நம் மாவட்டத்துக் காலனி ஒன்றில் பிறந்த ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததை, அவர் சம்மதத்தோடு, பெயரும் ஊரும் நிறுவனமும் இல்லாமல் சொல்கிறோம். அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையில் பொறியியல் படித்து, கல்லூரி வளாகத் தேர்விலேயே வேலை கிடைத்து, மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டிங் வேலையில் எட்டு ஆண்டுகள் இருந்தார். தம்பியின் படிப்பு, அக்கா கல்யாணக் கடன், தொகுப்பு வீட்டை இடித்துக் கட்டிய புது வீட்டுக்கான வங்கித் தவணை எல்லாம் அந்தச் சம்பளத்தில் நடந்தன. புராஜெக்ட் ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. அறுபது நாட்களுக்குள் உள்ளேயே வேறு இடம் தேடிக்கொள்ள வேண்டும் என்று கடிதம் வந்தது.

அறுபது நாட்களும் அவர் தினம் காலையில் போர்ட்டலைத் திறந்து விண்ணப்பித்தபடி இருந்தார். எந்த விண்ணப்பத்துக்கும் மறுப்புக் கடிதம் என்று ஒன்று வரவில்லை. விண்ணப்பத்தின் நேரே ஒரு சொல் மட்டும் மாறும். பரிசீலனையில் என்று இருந்தது நிறுத்திவைப்பு என்று ஆகும். பிறகு மூடப்பட்டது என்று ஆகும். ஏன் என்று கேட்க ஒரு பெயரோ தொலைபேசி எண்ணோ அங்கே கிடையாது. ஆள் ஒதுக்கும் பிரிவுக்கு எழுதினால், சம்பந்தப்பட்ட மேனேஜரைக் கேளுங்கள் என்றார்கள். மேனேஜர் பதில் எழுதவில்லை. மூன்று இடங்களில் மட்டும் நேர்காணல் நடந்தது. அதில் ஒன்று பத்து நிமிடம்கூட நீளவில்லை. ஊர் எது, பக்கத்தில் பெரிய ஊர் எது, ஊருக்குள்ளேயா வெளியிலேயா, அப்பா என்ன பண்றார் என்பதிலேயே பாதி நேரம் போனது. அந்த இடம் ஏற்கெனவே ஒருவருக்குப் பேசி முடிக்கப்பட்டது, முறைக்காகத்தான் போர்ட்டலில் போட்டார்கள் என்று பிறகு உடன் வேலை பார்த்தவர் சொன்னார். இன்னொரு இடம் புனேயில். போகிறேன் என்று இவர் எழுதிக்கொடுத்த பிறகு, வாடிக்கையாளர் வேண்டாம் என்றுவிட்டார் என்று சொன்னார்கள். வாடிக்கையாளர் இவரைப் பார்த்ததே இல்லை.

இடையில் ஊரில் இருந்து அம்மா பேசுவார். "என்னம்மா, இன்னிக்கு ஆபீஸ் போவலையா?" "ரூம்லேர்ந்தே வேலைம்மா, நீ சாப்ட்டியா?" இந்தப் பதில் எத்தனை வீடுகளில் சொல்லப்படுகிறதோ. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது சுற்று வட்டாரத்துக்கே தெரிந்தது. பேருந்துகள் வராமல் நின்றன, கட்சிகள் வந்தன, பத்திரிகைகள் வந்தன. ஐ.டி. வேலை ஒவ்வொருவராகப் போகிறது. பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கே தாமதமாகத்தான் தெரிகிறது. போனவரும் அதைத் தன் குறையாக எண்ணி வாயை மூடிக்கொள்கிறார்.

அறுபதாம் நாள் எச்.ஆர். அறையில் ஒரு தாள் நீட்டப்பட்டது. நீங்களே ராஜினாமா செய்தால் நல்ல ரிலீவிங் லெட்டர் கிடைக்கும், இல்லையென்றால் நீக்கம் என்று பதிவாகும், அடுத்த கம்பெனியில் விசாரிக்கும்போது சிக்கல் என்றார்கள். கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் அதே நிறுவனம், அதே டெஸ்டிங் வேலைக்கு, மூன்று ஆண்டு அனுபவம் போதும் என்று வெளியில் ஆள் எடுக்க விளம்பரம் கொடுத்திருந்தது. எட்டு ஆண்டு அனுபவத்துக்குக் கொடுக்கும் சம்பளத்தில் இரண்டு பேரைக்கூட எடுக்கலாம்.

ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். இது தலித் பிள்ளைகளுக்கு மட்டும் நடப்பதல்ல. எல்லாச் சாதியிலும் கிராமத்தில் இருந்து போனவர்கள், ஆங்கிலம் தயங்கிப் பேசுகிறவர்கள், குழந்தை பெற்றுத் திரும்பிவந்த பெண்கள், நாற்பதைக் கடந்தவர்கள் என்று பலரும் இதே போர்ட்டலில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த மேனேஜர் சாதி பார்த்துத்தான் மறுத்தார் என்று நம்மால் நிரூபிக்கவும் முடியாது. அவர் ஒருவேளை நல்ல மனிதராகக்கூட இருக்கலாம். ஆட்குறைப்புக் காலத்தில் ஒரு காலியிடத்துக்கு முன்பு பத்துப் பேர் விண்ணப்பித்தார்கள் என்றால் இப்போது நூறு பேர் விண்ணப்பிப்பார்கள். நூறு விண்ணப்பத்தையும் படிக்க அவருக்கு நேரம் இல்லை. தனக்குத் தெரிந்தவர், தன்னோடு முன்பு வேலை பார்த்தவர், தன் கல்லூரிக்காரர், தன் நண்பர் போன் செய்து "நம்ம பையன், பார்த்துக்கோ" என்று சொன்னவர் என்று நான்கு பெயர்களை வைத்துக்கொண்டு முடித்துவிடுகிறார். மனதில் வெறுப்பே இல்லாமல் இது நடந்துவிடுகிறது. நம் பெண்ணுக்குப் போன் செய்து சொல்ல ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஆள் ஏன் இல்லை என்று கேட்டால், அங்கே சாதி வந்துவிடுகிறது.

வேலைக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் இப்போது எல்லாக் கல்லூரிகளிலும் "நெட்வொர்க்கிங் செய்யுங்கள்" என்று வகுப்பு எடுக்கிறார்கள். நாலு பேரைப் பழக்கம் பிடித்து வை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்த அறிவுரையை நாம் ஒதுக்கவில்லை. ஆனால் பழக்கம் என்பது வேலைக்குச் சேர்ந்த பிறகு காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் புதிதாக முளைப்பதல்ல. மாமா ஒரு நிறுவனத்தில் இருப்பார், சித்தப்பா மகன் கலிபோர்னியாவில் இருப்பார், அப்பாவின் நண்பர் பொது மேலாளராக ஓய்வு பெற்றிருப்பார். மூன்று தலைமுறைப் படிப்பு சேர்த்துவைத்த சொத்து அது. நம் பிள்ளைக்கு மாமா கொத்தனார், சித்தப்பா தூய்மைப் பணியாளர். அவர்கள் உழைப்பில் குறையில்லை, அவர்களால் அந்தப் போனைச் செய்ய முடியாது.

நம்மில் இருந்து மேலே போனவர்கள் செய்யலாமே என்று கேட்கலாம். இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் தன் சாதியைச் சொல்லாமல்தான் அங்கே இருக்க முடிகிறது. வாடகை வீடு பிடிப்பதில் தொடங்கி மதியச் சாப்பாட்டு மேசைவரை மறைத்துக்கொண்டே வந்தவர், காலனியில் இருந்து வந்த ஒரு தங்கைக்காகப் பேசினால், "உனக்கு எப்படித் தெரியும், சொந்தமா?" என்ற கேள்வி வரும். மற்றவர்கள் நம்ம பையன் என்று சொல்லும்போது அது பெருமை. நம்மவர் அப்படிச் சொன்னால் தன்னையே காட்டிக்கொடுத்ததாகிவிடும். அதனால் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுகிறார்கள். இதற்காக அவர்களைத் திட்டுவதில் நமக்கு விருப்பமில்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் அவர்கள் அல்ல.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்துவிட்டதே, பிறகு எப்படித் தெரியும் என்றும் கேட்பார்கள். பெரிய நிறுவனங்களின் படிவத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. இனிஷியல் அங்கே செல்லாது. அப்பா பெயரை முழுதாக எழுத வேண்டும். குப்பன், அமாவாசை, மண்ணாங்கட்டி என்ற பெயர்கள் அந்தக் கட்டத்தில் உட்காரும்போது, வீட்டின் நிலைமை தானாகவே தெரிந்துவிடுகிறது. மிச்சத்தை ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் சொல்லிவிடும்.

இதை வெறும் புலம்பல் என்று தள்ளுகிறவர்களுக்குச் சில ஆய்வுகளை நினைவூட்டலாம். சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெலும் நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியோடு பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். தலித் என்று தெரியும் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகள் 25 பேரைச் சந்தித்துப் பேசி எழுதினார்கள். திறமை ஒன்றுதான் அளவுகோல் என்ற அதிகாரிகளே, குடும்பப் பின்னணியைக் கேட்போம் என்றும் சொன்னார்கள். அப்பா என்ன பண்றார் என்ற கேள்வி நேர்காணலில் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரியும். நாட்டின் முன்னணி 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து 2012-இல் வந்த ஆய்வில், உறுப்பினர்களில் 93 சதவீதம் பேர் முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடி இரண்டும் சேர்ந்து 3.5 சதவீதம். மேலே யார் இருக்கிறார்களோ அவர்களுடைய போன்தான் கீழே வரும்.

கடல் கடந்தாலும் இது விடுவதில்லை. சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானார் என்று 2020-இல் கலிபோர்னியா மாநில அரசுத் துறையே வழக்குத் தொடுத்தது. நிறுவனம் மறுத்தது. இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை அந்தத் துறை 2023-இல் கைவிட்டது. ஆகவே அதைத் தீர்ப்பான விஷயமாக நாம் காட்டவில்லை. அந்த வழக்கு மனுவில் இருந்த ஒரு செய்திதான் நமக்கு முக்கியம். அவர் உள்ளே புகார் கொடுத்தபோது, சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் அல்ல என்று மனிதவளப் பிரிவு முடித்துவிட்டது என்கிறது மனு. சாதி என்ற கட்டமே அவர்கள் படிவத்தில் இல்லை. கட்டம் இல்லாத இடத்தில் குறையும் இல்லை என்று ஆகிவிடுகிறது.

நம் அரசு அலுவலகங்களில் ஒரு பதிவேடு இருக்கிறது. 200 இடங்களுக்கான இனச் சுழற்சிப் பட்டியல். எத்தனையாவது இடம் யாருக்கு என்பது அதில் முன்பே எழுதப்பட்டிருக்கும். பட்டியல் சாதிக்கு 18 சதவீதம், பழங்குடிக்கு 1 சதவீதம். அந்தப் பதிவேட்டையும் ஏமாற்றுகிறார்கள், நிரப்பாமல் விடுகிறார்கள், அதை எதிர்த்து இதே பக்கத்தில் நாம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் எதிர்த்து எழுத ஒரு பதிவேடு இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், நீதிமன்றத்துக்கு எடுத்துப் போகலாம். நம் அப்பாக்கள் வேலைவாய்ப்பு அலுவலக அட்டையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்ததைச் சிலர் கேலி செய்வார்கள். அந்த அட்டை எல்லோருக்கும் வேலை வாங்கித் தரவில்லை என்பது உண்மை. ஆனாலும் தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று பதிவு மூப்பு தெரிந்தது. போர்ட்டலில் அதுகூடத் தெரியாது.

இந்த வேலைவாய்ப்பு அலுவலகமே ஆட்குறைப்புக்காகப் பிறந்தது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து படையில் இருந்து விடுவிக்கப்பட்டவர்களை வேறு வேலைகளில் அமர்த்த 1945-இல் இந்த ஏற்பாடு தொடங்கப்பட்டது. அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பொறுப்பில் வைத்திருந்தவர் அண்ணல் அம்பேத்கர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1943-இல், மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 சதவீத ஒதுக்கீட்டை வாதாடிப் பெற்றவரும் அவரே. வேலை இழந்தவரைப் பதிந்து வரிசைப்படுத்த ஓர் அலுவலகம், வரிசையில் நிற்கவே விடப்படாதவருக்கு ஓர் ஒதுக்கீடு. இரண்டுமே வேண்டும் என்பது அன்றைக்கே செய்து காட்டப்பட்டது.

தனியார் துறையில் அந்த இரண்டாவது பாதி இன்றுவரை இல்லை. 2004-இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணியின் குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தில் தனியார் துறை ஒதுக்கீடு பற்றிப் பேசுவதாகச் சொன்னார்கள். தொழிலதிபர் அமைப்புகள், சட்டம் வேண்டாம், நாங்களே நன்னடத்தை விதி வைத்துக்கொள்கிறோம் என்றன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. அந்த விதிகளின்படி பயிற்சி தருகிறார்கள், உதவித்தொகை தருகிறார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஆட்குறைப்பு என்று வரும்போது, எத்தனை பட்டியல் சாதி ஊழியர்கள் உள்ளே இருந்தார்கள், எத்தனை பேர் வெளியே போனார்கள், உள்ளே விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்ற கணக்கை வெளியிடும் நிறுவனம் எது?

முதல் பாதிக்குச் சட்டம் இருக்கிறது. அதைத்தான் நம் மாணவர்கள் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் வந்தபோது தொழிலாளர் துறை பாபு ஜெகஜீவன்ராமிடம் இருந்தது. 1953-இல் அதில் ஆட்குறைப்புக்கான பிரிவுகள் சேர்க்கப்பட்டன. ஓர் ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளரை ஆட்குறைப்பு செய்தால், காரணம் சொல்லி ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. ஒரே வகை வேலையில் கடைசியாகச் சேர்ந்தவரே பொதுவாக முதலில் போக வேண்டும். அதை மாற்றினால் ஏன் என்று எழுதிவைக்க வேண்டும். பிறகு நிறுவனம் புதிதாக ஆள் எடுத்தால், ஆட்குறைப்பு செய்யப்பட்டவரைக் கூப்பிட்டு முன்னுரிமை தர வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. இவை அதிலும் இருக்கின்றன. ஆனால் மறுபடி எடுக்கும் முன்னுரிமை ஓர் ஆண்டுக்குள் என்று சுருக்கப்பட்டுவிட்டது. மறுபயிற்சி நிதியாக மேலும் 15 நாள் சம்பளம் ஊழியர் கணக்குக்கு வர வேண்டும் என்பது அதில் புதிது.

மேலே சொன்ன பெண்ணுக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. காரணம், அந்தக் கையெழுத்து. ராஜினாமா செய்தவரை ஆட்குறைப்பு செய்யப்பட்டவராகச் சட்டம் பார்க்காது. நிறுவனங்கள் நீக்கம் என்ற சொல்லைக் காட்டிப் பயமுறுத்துவதும் ராஜினாமாத் தாளை நீட்டுவதும் அதற்காகத்தான். அறுபது நாள் உள்விண்ணப்பக் கூத்தும் அந்தத் தாளுக்கு முன்னோட்டமாகவே பயன்படுகிறது. நாங்கள் வாய்ப்புக் கொடுத்தோம், அவருக்குத்தான் இடம் கிடைக்கவில்லை என்று எழுதிவைத்துக்கொள்ளலாம். மறுத்தவர்களும் அவர்களே, மறுப்பை ஊழியரின் தோல்வி என்று கணக்கெழுதுகிறவர்களும் அவர்களே.

நீங்கள் அசோசியேட், கன்சல்டன்ட், மேனேஜர் கிரேடு, தொழிலாளர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்றும் சொல்வார்கள். பதவியின் பெயரை வைத்து அதை முடிவுசெய்ய முடியாது. உண்மையில் அவர் செய்த வேலை என்ன என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. நாள் முழுக்கக் கணினியில் சோதனை ஓட்டியவர், அட்டையில் என்ன பெயர் இருந்தாலும், நிர்வாகி ஆகிவிடமாட்டார். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்பதை 2016-இலேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்திவிட்டது. சங்கம் என்றால் சூளைக்கும் ஆலைக்கும் உரியது, கழுத்தில் அடையாள அட்டை போட்டவருக்கு அல்ல என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடமும் புகுந்திருக்கிறது. அப்பாவின் வேலையில் இருந்து தூரமாக வந்துவிட்டோம் என்று காட்டிக்கொள்ளும் ஆசை அது. அந்த ஆசையை நாம் புரிந்துகொள்கிறோம். ஆனால் அது விலை அதிகமான ஆசை.

அரசிடம் நாம் கேட்பது பெரிதல்ல. 1959-ஆம் ஆண்டுக் காலியிட அறிவிப்புச் சட்டம், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனம் காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. ஆனால் அந்த அலுவலகம் அனுப்புகிறவரைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நிறுவனத்தின் உபரி ஊழியரை உள்ளேயே அமர்த்தும் இடங்களுக்கு அறிவிக்கவே தேவையில்லை என்று விலக்கும் தந்தது. இப்போது அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. வேலை போகிறவரைக் காப்பாற்றத் தரப்பட்ட அந்த விலக்கின் நிழலில்தான் இன்று தெரிந்தவர் வியாபாரம் நடக்கிறது. ஆட்குறைப்பு அறிவிக்கும் நிறுவனம், உள்காலியிடங்களின் பட்டியலையும், யார் யார் விண்ணப்பித்தார்கள், யாருக்குக் கிடைத்தது, மற்றவர்களுக்கு ஏன் இல்லை என்பதையும் எழுத்தில் வைத்துத் தொழிலாளர் துறைக்குக் காட்ட வேண்டும் என்று விதி வேண்டும். பேசி முடித்த இடத்தைப் போர்ட்டலில் காட்சிக்கு வைக்கக் கூடாது. சமூகவாரிக் கணக்கும் அதில் இருக்க வேண்டும். அரசிடம் நிலமும் மின்சாரச் சலுகையும் வாங்கும் நிறுவனத்திடம் இதைக் கேட்பதற்குச் சட்டமன்றம் தயங்க வேண்டியதில்லை. 'நான் முதல்வன்' திட்டத்தில் வேலைக்குள் நுழையும் பயிற்சியைத் தருகிறார்கள். அதே வகுப்பில் ஒருநாள், வேலை போகும்போது எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதையும் சொல்லித்தரலாம்.

இப்போது பெஞ்சில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. விண்ணப்பித்த ஒவ்வொன்றின் தேதி, எண், அதன் நேரே வந்த பதில், எச்.ஆர். அனுப்பிய மின்னஞ்சல், வாய்மொழியாகச் சொன்னது எல்லாவற்றையும் அன்றன்றே சொந்த நோட்டில் எழுதி வையுங்கள். கணினி இணைப்பு ஒருநாள் மாலை சொல்லாமல் துண்டிக்கப்படும். வாடிக்கையாளரின் ஆவணம் எதையும் எடுக்காதீர்கள், அது வேறு வழக்காகிவிடும். ராஜினாமாத் தாளை நீட்டினால், யோசித்துச் சொல்கிறேன் என்று எழுத்தில் பதில் கொடுங்கள். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும் என்கிறது புதிய தொகுப்பு. உங்கள் நிறுவனத்தில் அதன் உறுப்பினர்கள் யார் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். வேலையில் இருந்து நீக்கினால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்கலாம். 45 நாளில் தீரவில்லை என்றால் தீர்ப்பாயத்துக்கு நேராகப் போகலாம், நீக்கிய நாளில் இருந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். தொழிலாளர் ஆணையர் அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று ஊர் திரும்பி உட்கார வேண்டாம். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். சாதிச் சான்றிதழ் நகலும் அந்த நோட்டும் கையில் இருக்கட்டும்.